ஐந்து மாதத்துக்கு முன் விலகிய முழங்கை மூட்டு: இனிச் சரிப்படுத்த முடியுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கட்டும். திருகோணமலை மாவட்டத்தில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். ஏழு வயது மகன் ஐந்து மாதத்துக்கு முன் சைக்கிளோடு சரிந்து விழுந்து இடது கையை ஊன்றிவிட்டான். அன்று பின்னேரமே முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய் மட்டை வைத்துக் கட்டினார்கள். வீக்கம் வற்றாததால் இரண்டு நாளில் வைத்தியசாலைக்குப் போனார்கள். எக்ஸ்ரே பார்த்துவிட்டு, முன்கையில் ஒரு எலும்புதான் வெடித்திருக்கிறது, ஒட்டிவிடும் என்று பிளாஸ்டர் போட்டார்கள். சொன்னபடி எலும்பு ஒட்டியது. ஆனால் பிள்ளைக்குக் கை முழுதாக மடங்கவில்லை, முழங்கை மடிப்பில் கல்லு மாதிரி ஏதோ தட்டுப்படுகிறது. இப்போது எடுத்த எக்ஸ்ரேயில், முறியாத மற்ற எலும்பின் தலை மூட்டை விட்டு விலகிப் பழசாகிவிட்டது என்கிறார்கள். ஒரு வைத்தியர் சத்திரசிகிச்சை என்கிறார், இன்னொருவர் நோவில்லாவிட்டால் விட்டுவிடலாம் என்கிறார், முறிவு வைத்தியர் எண்ணெய் போட்டு உருவி உள்ளே தள்ளலாம் என்கிறார். இதற்கிடையில் அந்தத் தாயின் அண்ணனுக்குச் சின்ன வயதில் விழுந்து கோணிய முழங்கை ஒன்று இருக்கிறது. அவருக்கு இப்போது நாற்பது வயது, சுண்டுவிரல் விறைக்கத் தொடங்கியிருக்கிறது. மகனுக்கும் அப்படி வருமோ என்பது தாயின் பயம்.

எழுதிய கேள்வி, காலம் கடந்துவிட்டதா என்பது. எழுதாமல் உள்ளே இருக்கிற கேள்வி, நான் முதலில் முறிவு வைத்தியரிடம் போனதால்தான் இப்படி ஆனதா என்பது. இரண்டுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். காலம் கடக்கவில்லை. ஏழு வயது, ஐந்து மாதம் என்பது இந்தக் காயத்தைப் பிந்திச் சரிசெய்வதற்கு நல்ல நிலைமைகளில் ஒன்று. மற்றது, நீங்கள் முதல் இரண்டு நாளை எங்கே கழித்தீர்கள் என்பதால் இது வரவில்லை. இரண்டாம் நாளே கண்டுபிடித்திருந்தால் வெட்டாமலே சரிசெய்திருக்க நிறைய வாய்ப்பு இருந்தது. கண்டுபிடிக்கவில்லை என்பதுதான் விசயம், அது எப்படி நடக்கிறது என்று கீழே சொல்கிறேன்.

நான் எலும்பு முறிவுச் சிகிச்சையில் பல வருடங்கள் வேலை செய்தவன், அதில் கணிசமான காலம் கிழக்கு மாகாணத்தில். சிறுவர் முழங்கைகள் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆனால் உங்கள் மகனின் கையையும் எக்ஸ்ரேக்களையும் பார்க்கவில்லை. ஆகவே நான் சொல்வது இந்த வகைக் காயத்தைப் பற்றி. உங்கள் பிள்ளைக்கான முடிவை அவனைத் தொட்டுப் பார்க்கிற வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

முன்கையில் இரண்டு எலும்பு. பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆரையும் அரந்தியும்தான். சுண்டுவிரல் பக்கம் அரந்தி, பெருவிரல் பக்கம் ஆரை. இரண்டும் மேலேயும் கீழேயும் மூட்டுகளால் பிணைக்கப்பட்டிருக்கின்றன, நடுவில் நீளத்துக்கு ஒரு சவ்வும் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஏணியின் ஒரு காலை மட்டும் வளைத்தால் மற்றக் கால் அதன் பூட்டில் இருந்து கழன்றுவிடும், இதுவும் அப்படித்தான். அரந்தி முறிந்து வளைந்தால் ஆரையும் எங்காவது முறிய வேண்டும், அல்லது ஒரு முனையில் மூட்டை விட்டு வெளியேற வேண்டும். பெரும்பாலும் அது வெளியேறுவது முழங்கையில். அங்கே ஆரையின் வட்டமான தலை புய எலும்பின் சிறு உருண்டை ஒன்றோடு பொருந்தி நிற்கிறது, அதைச் சுற்றி வளையம் போல ஒரு நார் பிடித்திருக்கிறது. அந்த நார் கிழியும், அல்லது தலை அதற்குள்ளிருந்து வழுவி முன்பக்கம் போய்விடும். உங்கள் பிள்ளையின் கை மடிப்பில் தட்டுப்படுவது அநேகமாக இந்தத் தலைதான்.

இதற்கு மொண்டேஜியா முறிவு என்று பெயர். மிலான் நகரத்துச் சத்திரசிகிச்சை வைத்தியர் மொண்டேஜியா 1814 இல் இதை விவரித்தார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895 இல், ஆகவே அவர் கையால் தடவித்தான் கண்டுபிடித்திருக்கிறார். பிறகு 1960களில் உருகுவேயைச் சேர்ந்த பாடோ என்பவர், ஆரையின் தலை எந்தப் பக்கம் போகிறது என்பதை வைத்து இதை நான்கு வகையாகப் பிரித்தார். இன்றைக்கும் கிளினிக் கொப்பிகளில் அதைத்தான் எழுதுகிறோம். பிள்ளைகளில் அதிகம் காண்பது முதலாவது வகை, தலை முன்பக்கம் போவது.

படம் பிடிக்கிற கருவி இருந்தும் ஏன் தவறவிடுகிறார்கள்? எக்ஸ்ரேயைப் பார்க்கிற கண் முறிவைத் தேடிப் போகும். முறிவைக் கண்டவுடன் தேடுவதை நிறுத்திவிடும். இது படிப்புக் குறைவால் வருவது என்று சொல்ல மாட்டேன், மனிதக் கண்ணின் பழக்கம் அப்படி. இரவு பத்து மணிக்கு வெளிநோயாளர் பிரிவில் அழுகிற பிள்ளையை வைத்துக்கொண்டு, கையை ஒழுங்காகத் திருப்ப முடியாமல் எடுத்த படத்தில் முழங்கை சாய்வாகத்தான் விழுந்திருக்கும். சில படங்களில் முழங்கை பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். அதைவிட மோசம், பிள்ளைகளின் அரந்தி சில வேளை முறியாமலே வளையும். பச்சைக் கொப்பை வளைத்தது போலக் கொஞ்சம் வில்லாக நிற்கும், வெடிப்புக் கோடு ஒன்றும் தெரியாது. அப்போது படத்தைப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, நெரிவுதான் என்று அனுப்பிவிடுவார்கள். அடுத்த காரணத்தைப் பலர் யோசிப்பதில்லை. முதல் நாள் தலை சரியாகவே இருந்திருக்கலாம், அல்லது சரியாகத் தள்ளிப் பொருத்தியிருக்கலாம். வீக்கம் வற்றிப் பிளாஸ்டர் தளர்ந்தபின் அரந்தி மெல்ல வளைய, தலை பிறகு நழுவியிருக்கலாம். அதனால்தான் முதல் மூன்று வாரத்துக்குள் ஒரு தடவையாவது, முடிந்தால் வாரம் ஒரு தடவை, முழங்கையையும் சேர்த்து மறுபடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கிறோம். உங்கள் விசயத்தில் எது நடந்தது என்பது முதல் நாள் படத்தைப் பார்த்தால்தான் தெரியும். அதைப் பார்க்காமல் அந்த வைத்தியசாலையைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

படத்தை நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. பக்கவாட்டில் எடுத்த முழங்கை எக்ஸ்ரேயை யன்னல் வெளிச்சத்தில் பிடியுங்கள். ஆரையின் கழுத்து, தலை இரண்டின் நடுவாலும் போகிற மாதிரி அடிமட்டத்தை வைத்து, கோட்டை முழங்கைக்கு அப்பால் நீட்டுங்கள். அது புய எலும்பின் கீழ்முனையில் தெரிகிற சின்ன உருண்டைக்குள்ளால் போக வேண்டும். கை மடங்கியிருந்தாலும் நீட்டியிருந்தாலும், எந்தப் பக்கத்தால் எடுத்த படமாக இருந்தாலும் போக வேண்டும். அந்த உருண்டையைத் தொடாமல் மேலாலோ முன்னாலோ போனால் தலை இடத்தில் இல்லை என்று சந்தேகப்படலாம். பிறகு அரந்தியின் பின்விளிம்பில் அடிமட்டத்தை வையுங்கள். பக்கவாட்டுப் படத்தில் அந்த விளிம்பு கிட்டத்தட்ட நேராக இருக்க வேண்டும், ஒரு மில்லிமீற்றருக்கு மேல் வில்லாக விலகினால் அது வளைந்த எலும்பு. இந்த இரண்டு சோதனைக்கும் எல்லை உண்டு. மிகச் சின்னப் பிள்ளைகளில் ஆரையின் தலை இன்னும் குருத்தெலும்பாக இருக்கும், எக்ஸ்ரேயில் தெரியாது. அது எலும்பாகத் தெரியத் தொடங்குவது மூன்று, நான்கு வயதளவில். சாய்வாக எடுத்த படத்தில் நல்ல மூட்டிலும் கோடு கொஞ்சம் தள்ளிப் போகலாம். ஆகவே கோடு பிசகினால் பயந்துவிடாதீர்கள், இரண்டு கையையும் ஒரே மாதிரி வைத்து ஒழுங்கான படம் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

எக்ஸ்ரே இல்லாமலும் வீட்டில் பார்க்கலாம். பிள்ளையைக் கதிரையில் இருத்தி, இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி வைத்து, இரண்டு கையிலும் ஒவ்வொரு பென்சிலைப் பிடிக்கச் சொல்லுங்கள். உள்ளங்கை மேலே பார்க்கவும் கீழே பார்க்கவும் திருப்பட்டும். எந்தப் பென்சில் எவ்வளவு சாய்கிறது என்று இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு அந்தந்தக் கை விரலால் அந்தந்தத் தோளைத் தொடச் சொல்லுங்கள். தலை முன்னால் போயிருந்தால் மடிப்பில் தடுத்து, விரல் தோளுக்கு எட்டாமல் போகலாம். கடைசியாக, மேசையில் கையைக் கவிழ்த்து வைத்து, பெருவிரலையும் மற்ற விரல்களையும் அடி மூட்டில் இருந்து மேலே தூக்கச் சொல்லுங்கள். தூக்க முடியாவிட்டால் ஆரையின் கழுத்தைச் சுற்றிப் போகிற நரம்பு அழுத்தப்பட்டிருக்கிறது. புதிய காயத்தில் அது பெரும்பாலும் மூட்டைச் சரிசெய்தபின் சில மாதங்களில் தானாகத் திரும்பும். பழைய விலகலில் புதிதாக அப்படி வந்தால் கிளினிக் திகதிக்குக் காத்திருக்காமல் காட்டுங்கள்.

இப்போது எண்ணெய் விசயம். முறிவு வைத்தியர்களை நான் இளக்காரமாகப் பேசுபவன் அல்ல. நம் பக்கத்தில் பரம்பரையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், ஆயுர்வேதப் பதிவு உள்ளவர்களும் இருக்கிறார்கள். இடம் பெயராத முறிவை மட்டை வைத்து அசையாமல் கட்டினால் அது ஒட்டத்தான் செய்யும். ஆனால் பிள்ளையின் முழங்கை அந்தக் கணக்கில் வராது. ஐந்து மாதத்தில் மூட்டுக்குள் ஆரையின் தலை இருக்க வேண்டிய இடத்தைத் தழும்பு இழையம் நிரப்பியிருக்கும். வளைந்து ஒட்டிய அரந்தி, தலையை உள்ளே வரவே விடாது. எந்தக் கையாலும் எந்த எண்ணெயாலும் அதைத் தள்ள முடியாது. மயக்க மருந்து கொடுத்து நாங்கள் தள்ளினாலும் போகாது. இது எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விசயம். தள்ள முயன்றால் வேறு கேடு வரும். காயப்பட்ட முழங்கையை உருவி, பலவந்தமாக மடக்கி நீட்டினால் தசைக்குள் எலும்பு வளரக்கூடும், பிறகு கை இருக்கிற அசைவையும் இழக்கும். தயவுசெய்து உருவ விடாதீர்கள். சொந்தக்காரர் யாரும் அன்பாக வந்து கொஞ்சம் இழுத்துப் பார்க்கிறேன் என்றாலும் விடாதீர்கள்.

இதோடு சேர்த்து, இனி விழப்போகிற பிள்ளைகளுக்காக ஒன்று. புதிய முழங்கைக் காயத்தில் இறுக்கமாகக் கட்டுவதுதான் எல்லாவற்றையும் விட ஆபத்து. கட்டு முறிவு வைத்தியருடையதாக இருந்தாலும் ஒன்றுதான், எங்கள் பிளாஸ்டராக இருந்தாலும் ஒன்றுதான். உள்ளே வீக்கம் கூடி இரத்த ஓட்டம் தடைப்பட்டால் முன்கைத் தசை சில மணித்தியாலங்களில் சாகத் தொடங்கும். விரல்கள் பிறகு கொக்கி போல மடங்கி நின்றுவிடும். ஜெர்மன் சத்திரசிகிச்சை வைத்தியர் வோல்க்மான் இதை 1881 இலேயே எழுதிவைத்தார், இன்றும் நடக்கிறது. கட்டுப் போட்டபின் நோவு குறையாமல் கூடிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டும்போது பிள்ளை துடித்தால், அது நள்ளிரவு ஆனாலும் கட்டைத் தளர்த்திக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நேரம். விரல் நுனி சிவப்பாக இருக்கிறதே, நாடி துடிக்கிறதே என்று காத்திருக்கக் கூடாது. அவை கடைசியில்தான் மாறும்.

சரி, உங்கள் மகனின் கைக்கு வருவோம். நோவில்லையே, விட்டுவிடலாம் என்று சொன்ன வைத்தியரின் பேச்சிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இப்படி விலகிய முழங்கையோடு வளர்ந்து, வேலை செய்து, பெரிய குறையில்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. ஆனால் எந்தப் பிள்ளை அப்படி வளரும், எந்தப் பிள்ளைக்குப் பதினைந்து வயதில் முழங்கை வெளிப்பக்கம் கோணி நோவு தொடங்கும் என்று ஏழு வயதில் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரிந்து ஒரு வழியும் இல்லை. தெரிந்தது இதுதான்: மூட்டில் பொருந்தி நிற்காத தலை வளர வளர அதன் குழிவை இழந்து மேடாகிப்போகும், எதிரே இருக்கிற உருண்டையும் வடிவம் கெடும். பிறகு உள்ளே கொண்டுவந்தாலும் பொருந்தாது. காயம் பட்டு மூன்று வருடத்துக்குள், அல்லது பன்னிரண்டு வயதுக்கு முன் சரிசெய்தவர்களின் மூட்டுகள் நீண்ட காலம் நன்றாக இருந்தன என்று ஜப்பானில் இருந்து வந்த ஒரு ஆய்வு சொல்கிறது. நான் பார்த்ததும் அதோடு ஒத்துப்போகிறது. மூன்று வருடம் என்பதைக் கடைசித் திகதி மாதிரி எடுத்துக்கொள்ள வேண்டாம். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு சுலபம். ஏழு வயது, ஐந்து மாதம், கை முழுதாக மடங்கவில்லை என்று வைத்துப் பார்த்தால், என் பிள்ளையாக இருந்தால் நான் செய்விப்பேன். பள்ளி விடுமுறை வரை சில வாரம் பொறுப்பதால் கெட்டுவிடாது. அடுத்த வருடம் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

சத்திரசிகிச்சைக்கு முன் உறுதிசெய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது, இது உண்மையிலேயே காயத்தால் வந்த விலகலா என்பது. பிறவியிலேயே ஆரையின் தலை விலகியிருக்கும் பிள்ளைகளும் உண்டு. ஒரு நாள் விழுந்து படம் எடுக்கும்போதுதான் அது தெரியவரும், பழி விழுந்ததன் மேல் போகும். அவற்றில் தலை மேடாக இருக்கும், பெரும்பாலும் பின்பக்கம் போயிருக்கும், பல வேளை மற்றக் கையிலும் இருக்கும். அதைக் காயம் என்று நினைத்துத் திறந்தால் வீண் வேலை. உங்கள் மகனுக்கு அரந்தி முறிந்ததும் தெரியும், தலை முன்பக்கம் இருப்பதும் தெரியும், ஆகவே காயம்தான் என்று படுகிறது. என்றாலும் வலது முழங்கையையும் ஒரு படம் எடுப்பது செலவில்லாத பாதுகாப்பு.

செய்யப்போவது என்ன என்று பெற்றோர் அறிந்துவைப்பது நல்லது. ஆரையின் தலைதான் விலகியிருக்கிறது, ஆனால் முக்கிய வேலை அரந்தியில். வளைந்து ஒட்டிய அரந்தியை வெட்டி, கொஞ்சம் நீட்டி, முன்பு வளைந்ததற்கு எதிர்ப் பக்கமாகக் கொஞ்சம் கூடுதலாகவே வளைத்து வைப்பார்கள். அரந்தி சரியான வடிவுக்கு வந்ததும் ஆரையின் தலை தன் இடத்துக்கு வந்து நிற்கும். இதற்கிடையில் மூட்டைத் திறந்து நிரம்பியிருக்கிற தழும்பைத் துப்புரவாக்குவார்கள். அரந்தியைத் தகடும் திருகாணியும் போட்டு நிறுத்துவார்கள். அரந்தியை விட்டுவிட்டு மூட்டை மட்டும் திறந்து தலையைத் தள்ளி வைத்த கைகளில் தலை திரும்பவும் வெளியே வந்ததைத்தான் அதிகம் கண்டிருக்கிறோம். ஆகவே உங்கள் வைத்தியரிடம் ‘அரந்தியையும் சேர்த்துச் செய்வீர்களா?’ என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை. நல்ல வைத்தியர் கோபிக்க மாட்டார், படத்தை எடுத்துக் காட்டுவார்.

வைத்தியர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாத விசயங்கள் சில உண்டு. கிழிந்த வளைய நாருக்குப் பதிலாக, பின்புயத் தசையின் நாரில் ஒரு கீற்று எடுத்துப் புதிதாக வளையம் செய்வது ஒரு முறை. 1965 இல் பெல் டாஸ் என்ற பிரித்தானிய வைத்தியர் எழுதியதில் இருந்து பலர் அதைச் செய்கிறார்கள். அரந்தியைச் சரியாகச் செய்தால் அந்த வளையமே தேவையில்லை என்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் இரண்டாவது கட்சி. சத்திரசிகிச்சை மேசையில் கையைத் திருப்பிப் பார்த்துத் தலை நழுவினால் மட்டும் வளையம் செய்வேன். தகடா, வெளியில் பூட்டுகிற சட்டமா என்பதிலும் வாதம் உண்டு. பல வருடம் கடந்து, ஆரை நீண்டு மேலே ஏறிவிட்ட கைகளில் வெளிச் சட்டம் போட்டு அரந்தியை நாளுக்குக் கொஞ்சமாக நீட்டுவது நல்ல வழி. ஐந்து மாதத்துக் கைக்கு அநேகமாகத் தகடே போதும். உங்கள் வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் நான் சொன்னதை வைத்து அவரோடு மல்லுக்கட்டாதீர்கள், அவர் கையில் பழகிய முறைக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஒன்றுக்கு மட்டும் உடனே சம்மதிக்காதீர்கள்: துருத்திக்கொண்டிருக்கிற தலையை வெட்டி எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால். வளர்கிற பிள்ளைக்கு அதைச் செய்யக் கூடாது. முழங்கை கோணும், ஆரை மேலே நகர்ந்து மணிக்கட்டில் நோவு வரும். அப்படிச் சொன்னால் இன்னொருவரிடம் கேளுங்கள்.

பிறகு என்ன? நான்கு முதல் ஆறு வாரம் வரை பிளாஸ்டர். கழற்றியவுடன் முழங்கை மரக்கட்டை மாதிரி இருக்கும், பெற்றோர் அந்த நாளில்தான் மனம் உடைவார்கள். பயப்பட வேண்டாம். பிள்ளை தானாகச் சாப்பிட, சட்டை போட, பந்து எறிய விட்டால் அசைவு மாதக்கணக்கில் மெல்ல மெல்லத் திரும்பும். இங்கேயும் பலவந்தம் கூடாது. பயிற்சி தருபவர் சொல்லிக்கொடுக்க, பிள்ளை தானே செய்ய வேண்டும், பெரியவர்கள் பிடித்து வளைக்கக் கூடாது. கையை முழுதாகக் கவிழ்க்கிற அசைவில் கொஞ்சம் குறை நிற்கலாம். எழுதவோ சாப்பிடவோ அது இடைஞ்சல் தருவதில்லை. தகட்டைப் பிறகு எடுக்க வேண்டி வரலாம். சத்திரசிகிச்சை என்றால் கேடுகளும் உண்டு, மறைக்கக் கூடாது: தலை மறுபடி நழுவலாம், வெட்டிய அரந்தி ஒட்டத் தாமதிக்கலாம், கிருமி தொற்றலாம், நரம்பு சில வாரம் அல்லது மாதம் சோர்ந்து விரல் தூக்க முடியாமல் போகலாம், சிலருக்கு முன்பை விடக் கை விறைப்பாகலாம். எல்லாம் ஒழுங்காகச் செய்தும் இவை வருவதுண்டு. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் இவற்றை வாய்விட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணனின் கை வேறு கதை. சின்ன வயதில் விழுந்து, வெளிப்பக்கமாகக் கோணி, நாற்பதில் சுண்டுவிரல் விறைக்கிறது என்றால், அது பெரும்பாலும் புய எலும்பின் கீழே வெளிப்பக்கக் குமிழ் முறிந்து ஒட்டாமல் போன கை. இதுவும் எளிதாகத் தவறுகிற முறிவு. முறிந்த துண்டின் பெரும்பகுதி குருத்தெலும்பு என்பதால் எக்ஸ்ரேயில் மெல்லிய கீற்று ஒன்றுதான் தெரியும். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் கம்பி போட்டு நிறுத்த வேண்டியது. பிளாஸ்டரில் மட்டும் விட்டால் சில ஒட்டாது. ஒட்டாத பக்கம் மேலே நகர, முழங்கை வெளியே கோணும். உட்பக்கத்தால் போகிற நரம்பு வருடக்கணக்கில் இழுபட்டு, இருபது முப்பது வருடம் கழித்துத்தான் முறையிடும். அண்ணன் இதைத் தள்ளிப்போடக் கூடாது. விரல் விறைப்போடு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கையின் பின்புறச் சதை வற்றிக் குழி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். விழுந்திருந்தால் அது அவசரம். நரம்பை இடம் மாற்றி வைக்கிற சத்திரசிகிச்சை விறைப்பை நிறுத்தவும் பல வேளை குறைக்கவும் உதவும், வற்றிய சதையை எவ்வளவு திருப்பித் தரும் என்பது சொல்ல முடியாதது. எலும்பைச் சேர்க்க வேண்டுமா என்பதை அவரைப் பார்க்கிறவர் தீர்மானிக்கட்டும், அந்த வயதில் பல வேளை நரம்பை மட்டும் கவனித்தால் போதும். உங்கள் மகனின் விலகலைக் கவனிக்காமல் விட்டால் அதே மாதிரிக் கோணலும் நரம்பு இழுபடுவதும் பிற்காலத்தில் வரக்கூடும் என்பது உண்மை. ஆனால் அது இன்றோ நாளையோ வருகிற விசயம் இல்லை.

முழங்கை உட்பக்கம் கோணி, துப்பாக்கிப் பிடி மாதிரி நிற்கிற பிள்ளைகளைப் பற்றியும் இப்படிக் கேட்பவர்கள் உண்டு. அது புய எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்து கோணி ஒட்டியது. பெரும்பாலும் வடிவக் குறைதான், வேலைக்குத் தடை குறைவு, அவசரமும் இல்லை. வளர வளரத் தானாக நேராகும் என்று மட்டும் நம்பி இருக்காதீர்கள், அந்தக் கோணல் நிமிர்வதில்லை.

எங்கே போவது என்று கேட்டிருந்தீர்கள். திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் எலும்பு முறிவுக் கிளினிக்கில் தொடங்குங்கள். இந்தச் சத்திரசிகிச்சையை அடிக்கடி செய்கிறவர் செய்வது நல்லது, ஆகவே உங்கள் வைத்தியரே கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கடிதம் தரலாம். அவர் தராவிட்டால் நீங்கள் கேட்கலாம், கேட்பது உங்கள் உரிமை. அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. இரவு ரயிலுக்கும், தங்குவதற்கும், ஒருவர் வேலைக்குப் போகாமல் இருப்பதற்கும்தான் செலவு. கடிதத்தில் விழுந்த திகதி, பிளாஸ்டர் போட்ட திகதி, கழற்றிய திகதி மூன்றும் இருக்கட்டும்.

அதுவரை பிள்ளை பள்ளிக்கூடம் போகலாம், ஓடலாம், எழுதலாம், கடலில் குளிக்கலாம். இடது கையால் பாரம் தூக்குவது, மரம் ஏறுவது, சைக்கிள் மூன்றையும் நிறுத்தி வையுங்கள். வளைந்து ஒட்டிய அரந்தி அதே இடத்தில் திரும்ப முறிந்தால் வேலை இரட்டிப்பாகும். போகும்போது எல்லா எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள், முக்கியமாக முதல் நாள் எடுத்ததை. வீட்டில் இல்லாவிட்டால், எடுத்த இடத்தில் உங்கள் துண்டு இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள், கணினியில் எடுத்ததென்றால் பிரதி கிடைக்க வாய்ப்புண்டு. போனில் பிடித்த படம் அவசரத்துக்கு உதவும், அடிமட்டம் வைத்து அளக்க உதவாது.